எங்கள் கொல்லையில் ஒரு கூழைக்கடா

என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவரும் பறவைகள் எல்லாம் செத்துத்தான் வரும். கால்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார். சைக்கிள் ஹாண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கும். அந்த மார்கழி ஞாயிறு மட்டும் அவர் சைக்கிளை ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் கேரியரில் அவருடைய காக்கிக் கோட்டுக்குள் பெரிதாக எதையோ சுற்றி வைத்திருந்தார். அது அசைந்தது.

"கதவ நல்லா தொற. பெருசு," என்றார்.

கூடவே நடந்து வந்த அவருடைய சிநேகிதர் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீண்ட அலகை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டு பேருக்கும் முழங்கால்வரை சேறு.

கூழைக்கடா. எண்ணூர் உப்பங்கழியில் அவை கூட்டமாக மிதப்பதை ரயிலிலிருந்து பார்த்திருக்கிறேன். தூரத்தில் வெள்ளையாக, சாந்தமாகத் தெரியும். கொல்லையில் இறக்கிவிட்டபோது இது அழுக்குச் சாம்பல் நிறத்தில், ஓர் ஆட்டுக்குட்டி உயரத்துக்கு, மீன் நாற்றத்தோடு நின்றது. இடது இறக்கை மணலில் இழுபட்டது. தோள் பக்கம் ரத்தம் காய்ந்து இறகுகள் ஒட்டிப்போயிருந்தன.

அப்போது எங்கள் வீடு திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசையில் இருந்தது. கொல்லையில் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும். சுற்றிலும் பனைமட்டை வேலி. என் கணவர் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். சுதந்திரம் வந்த கையோடு ஊரைவிட்டுக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ-இந்திய, சட்டைக்கார இன்ஜின் டிரைவர், தன் ஒற்றைக்குழல் துப்பாக்கியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லைசென்ஸை மாற்ற அலைந்து திரிந்து வாங்கினார். அதற்குப் பிறகு பனிக்காலத்து ஞாயிறுகள் எல்லாம் எண்ணூர்க் கழிதான். கிளுவை வாத்து, உள்ளான், சில சமயம் நாரை. நான் கறி மீன் தின்னாத வீட்டில் பிறந்தவள் இல்லை. கொண்டுவந்ததைச் சுத்தம் பண்ணி மிளகு போட்டு வறுப்பேன். அக்கம்பக்கத்துக்கும் போகும்.

சிநேகிதர் வண்ணாரப்பேட்டைக்காரர். தோல் மண்டியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. நாங்கள் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் சுடமாட்டார். அந்தத் துப்பாக்கியை அவர் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. படகு தள்ளுவது, விழுந்த பறவையைத் தண்ணீரில் இறங்கி எடுப்பது, உயிர் இருக்கும்போதே அல்லா பேர் சொல்லி அறுப்பது, இவைதான் அவர் பங்கு. அறுத்தால்தான் அவர் வீட்டில் சாப்பிட முடியும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் சொல்வார்: "பாதி உசுரோட துடிக்க வுடக்கூடாது தங்கச்சி. சுட்டவன் அத்தோட கடன முடிக்கணும்."

அன்றைக்கு அந்தக் கடனைத்தான் என் கணவர் முடிக்க விடவில்லை.

"கிளுவைக்குத்தான் குறி வெச்சேன்," என்றார் அவர், கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே. "பனியில பின்னால இது இருந்தது தெர்ல."

"நான் கத்திய எடுத்துகினு எறங்கிட்டேன்," என்றார் பாய். "ஒரே இழுப்புல முடிஞ்சிருக்கும். இவன் என் கையப் புட்சிகினான்."

"அது என்னாண்ட வந்திச்சி," என்றார் என் கணவர் என்னைப் பார்த்து. "மத்ததெல்லாம் பறந்து பூடுச்சி. இது மட்டும் நீந்திகினு படகாண்ட வருது. மீன் போடுவாங்கன்னு நெனச்சிகினு வருது. அத்தப் போயி எப்படி அறுக்கச் சொல்றது?"

கழியில் மீன்காரர்கள் வலையை உதறும்போது சிந்துவதைப் பொறுக்கிப் பழகிய பறவை. படகென்றால் அதற்குச் சாப்பாடு. சுட்டவனிடமே வந்திருக்கிறது. எனக்கு அன்றைக்கு அவர்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

என் பழைய புடவை ஒன்றைக் கிழித்துக் கட்டுப் போட்டோம். அவர் மூங்கில் பிளாச்சைச் சீவி, பட்டறையில் இரும்பை அளப்பதுபோல் அளந்து, இறக்கையோடு வைத்துக் கட்டினார். மஞ்சளையும் நல்லெண்ணெயையும் பாய் குழைத்துத் தடவினார். அறுக்க வேண்டும் என்று சொன்ன மனிதர்தான் தலையை மடியில் வைத்து, "பொறு பொறு, ஆயிடுச்சி," என்று அதனோடு பேசினார். வெளியே எடுக்க முடிந்த துப்பாக்கி ரவைகளை எடுத்தார்கள். உள்ளே எத்தனை இருந்தன என்று தெரியாது.

கிளுவை என்றால் நெல்லைப் போட்டு வளர்க்கலாம். இது மீனைத் தவிர வேறெதையும் தொடாது. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் முதல் என் கணவர் பட்டறை விட்டதும் சைக்கிளைக் காசிமேட்டுக்கு விட்டார். கரையில் ஒதுக்கித் தள்ளிய நசுங்கின மீன், காரப்பொடி என்கிற பொடிமீன், வலையில் சிக்கிய குப்பை மீன், எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு தகர டின்னில் கொண்டுவருவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சத்தம் போட்டாள்.

"இன்னா ஃபிட்டரே, சுட்டுச் சுட்டுத் துன்ன வாய்க்கு இப்ப கலீஜ் மீனு கேக்குதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி டின்னை நீட்டினார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

கொல்லை நாறிப்போயிற்று. கிணற்றடி மணலெல்லாம் வெள்ளை எச்சம். காக்கைகள் விடிந்ததும் முருங்கை மரத்தில் வந்து உட்கார்ந்து அதைக் கரித்துக்கொட்டும். குனிந்து மீன் எடுக்கும்போது பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுக்கும். அது திரும்பி அந்தப் பெரிய அலகை ஒரு முறை டப்பென்று மூடும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சண்டை. கட்டுப் போட்ட இறக்கையோடு ஆடி ஆடி நடந்து வந்து அடுப்படி வாசலில் நிற்கும். பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கும் வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு என் கணவர் துப்பாக்கியை எடுத்தார்.

"எங்க?" என்றேன்.

"எங்கன்னா? எண்ணூருக்குத்தான்," என்றார், நான் ஏன் கேட்கிறேன் என்று விளங்காதவர்போல.

மத்தியானம் கிளுவைகள் வந்தன. நான் கிணற்றடியில் உட்கார்ந்து வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கிக்கொண்டிருந்தேன். கூழைக்கடா ஆடி ஆடி வந்து எனக்கு எதிரில் நின்றது. அதற்கு என்ன தெரியும்? மீன் சுத்தம் பண்ணுகிறேன் என்று நினைத்திருக்கும். கையிலிருந்ததைக் காட்டவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். அது சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்னால் வந்தது. கடைசியில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அறைக்குள் உட்கார்ந்து பிடுங்கினேன். ஒரு பறவைக்கு முன்னால் ஒளிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. வீடு முழுக்க இறகு. சாயங்காலம் அவர் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டின்னோடு கொல்லைக்குப் போய் அதற்கு மீன் ஊட்டினார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அதைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு என்று எனக்குத் தெரியும். பட்சி சாபம் என்பார்கள். அடுத்த வீட்டு அக்கா நல்லவள், நேரில் சொல்லமாட்டாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"பறவைய சுட்ட பாவம் வயித்தப் புட்சிகினு கீது. அதான் இப்ப ஒண்ண வெச்சிகினு வைத்தியம் பார்க்குறாரு. ஒரு கைல சுடறது, ஒரு கைல கட்டுறது. சாமி இன்னா கணக்குத் தெரியாதவரா?"

அன்று முழுவதும் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவர் அந்தப் பறவைக்குக் கட்டுப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், இது இரக்கமா, இல்லை எனக்காகச் செய்கிற பரிகாரமா என்று சந்தேகம் வந்தது. எனக்காக என்றால், அந்தப் பறவைக்கு முன்னால் நான் இன்னும் சின்னவளாகிவிடுவேன்.

அக்காவின் தம்பி யானைக்கவுனியில் ஒரு சேட்டின் துணிக்கடையில் கைவண்டி இழுத்தான். அவன் போய் அங்கே சொல்லியிருக்கிறான்: திருவொற்றியூரில் ஒரு ஃபிட்டர், குண்டடி பட்ட பறவையை வீட்டில் வைத்துப் பிள்ளையைப்போல் பார்க்கிறார் என்று. யார் சுட்டது என்று சொல்லவில்லை. கதை நன்றாக இருக்கட்டும் என்று விட்டிருப்பான்.

பட்டறைக்கு லீவு விட்டிருந்த ஒருநாள் மதியம் எங்கள் தெருவில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, மெலிந்த தேகம், வயசானவர். பின்னால் ஒரு ஆள் தானிய மூட்டை ஒன்றை இறக்கினான். சேட் யானைக்கவுனியிலேயே பிறந்து வளர்ந்தவராம். எங்களைப்போலவே தமிழ் பேசினார். அவர்கள் மதத்தில் எறும்பை மிதித்தாலும் பாவம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து கொல்லைக்கு வந்தார். தெரு ஜனம் முக்கால்வாசி வேலியோரம் நின்றது.

கூழைக்கடா கிணற்றடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சேட் அதன் முன்னால் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"என்ன சாப்பிடுது?" என்று கேட்டார்.

"மீனுங்க," என்றார் என் கணவர்.

சேட் கூப்பிய கைகளை இறக்கினார். பிறகு, "அது அதோட பிறவி," என்றார். "அதுக்கு நான் ஒண்ணும் குடுக்க முடியாது. இந்தச் சோளத்த மத்தக் குருவி, புறாவுக்குப் போடுங்க."

சோளத்தை வாங்கிக்கொண்டோம். அப்புறம் அவர் குனிந்து கட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"யார் சுட்டது இத?"

துப்பாக்கி அடுப்படிக் கதவுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிச் சாத்தியிருந்தது. ஜட்கா நின்றதும் அவரே ஓடிப்போய்ச் சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவர் 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். 'கழியில் கிடந்தது' என்று சொல்லியிருக்கலாம். ஜனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாய் குழறியது.

"யாரோ பாய்ங்க சுட்டுட்டுப் போட்டுட்டுப் பூட்டாங்க," என்றார்.

சேட் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை அடித்தது. அந்தப் பொய்க்கு முன்கூட்டியே ஒரு இடம் காலியாக இருந்ததுபோல் அது போய் உட்கார்ந்துகொண்டது. நாடு பிரிந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. பாய்மார்களும் நாங்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். ஆனாலும் அந்த மாதிரிச் சொல் ஒன்று விழுந்தால் யாரும் ஏன் என்று கேட்காத காலம். வேலியோரம் நின்ற எல்லாருக்கும் யார் சுட்டது என்று தெரியும். ஒருவரும் பேசவில்லை. அடுத்த வீட்டு அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு முருங்கை மரத்தைப் பார்த்தாள். எங்கள் மானத்தை அவர்கள் காப்பாற்றினார்கள்.

சேட் என் பக்கம் திரும்பி, "குழந்தைங்க எத்தன?" என்றார்.

அக்காதான், "இன்னும் இல்லீங்க," என்றாள்.

"ஜீவனைக் காப்பாத்துன வீடு. கட்டாயம் உண்டாகும்," என்று சொல்லி, என் தலைக்கு மேல் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணினார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கைக்குக் கீழே நின்றபோது, எனக்குப் பின்னால் கதவிடுக்கில் சாக்குப் பொதி என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது.

ஜட்கா போனதும் நான் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? பாய் பேரு எதுக்கு?"

"பாய் பேரு எங்க சொன்னேன்? பொதுவாத்தான சொன்னேன்."

"எந்தப் பாய் நம்மகூட கழிக்கு வராரு? ஊருக்கே தெரியாதா?"

அவர் துப்பாக்கியைச் சாக்கிலிருந்து உருவிக் கதவோரம் சாத்தினார். கொஞ்சம் கழித்து, "வாயில வந்துடுச்சி. பெரியவரு நம்மள அப்படிப் பார்த்துகினு கீறாரு. நாந்தான் சுட்டேன்னு எப்படிச் சொல்றது? உனக்கு வேற ஆசீர்வாதம் பண்ணாரு," என்றார்.

ஆசீர்வாதம் பொய்க்குப் பிறகு வந்தது. அவர் மனதில் வரிசை மாறிப்போயிருந்தது.

அந்த ஞாயிறு பாய் வழக்கம்போல் கருக்கலில் வந்தார். கூழைக்கடாவுக்கென்று ஒரு சின்ன மூட்டையில் நெத்திலி கொண்டுவந்திருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். கிளாஸை நீட்டும்போது அவர் கையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் நின்று குடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பாலிருந்து அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு இது சிரிப்பாகத் தெரிந்திருக்கும்.

"இன்னா பாய், நீ சுட்ட பறவைக்கு நீயே மீன் கொண்டாந்துகீறியா? சேட்டாண்ட உன் தோஸ்து அப்படித்தான சொல்லிட்டாரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது மறுத்துச் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். என்னால் முடியவில்லை. அவர் டீயை முழுக்கக் குடித்தார், கிளாஸைக் கழுவி கிணற்று மேடையில் கவிழ்த்து வைத்தார். நெத்திலியை அவிழ்த்துப் பறவைக்கு முன்னால் கொட்டினார்.

"வரேன் தங்கச்சி," என்றார்.

என் கணவர் துப்பாக்கியோடு வெளியே வந்தபோது அவர் தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தார். இவர் கூப்பிட்டார். திரும்பவில்லை. அன்றைக்கு இவரும் எண்ணூர் போகவில்லை.

அந்த வாரம் முழுதும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இரண்டு பேருமாக யானைக்கவுனிக்குப் போனோம். கடை முழுக்க ஜனம். சேட் மெத்தையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பறவை எப்படி இருக்கு?" என்றார்.

என் கணவர் நின்றபடியே சொன்னார். "அத்த சுட்டது நாந்தாங்க. பாய்ங்க யாரும் இல்ல. என் தோஸ்து பாய் அத்த எடுத்துகினு வர்றதுக்குக் கூட வந்தவரு. நான் பொய் சொல்லிட்டேன்."

துணி கிழிக்கிற சத்தம் நின்றது. சேட்டின் முகம் மாறிய விதத்தை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை, கையில் எடுத்த பொருள் அழுகியிருந்தது தெரிந்தவர்போல. எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்தோம். "சோளத்தைத் திருப்பி எடுத்துட்டு வர வேணாம். பறவைங்க தின்னட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வாடிக்கைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆசீர்வாதத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கிருந்து வண்ணாரப்பேட்டைக்கு நடந்தே போனோம். பாய் வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்கள். அவர் சம்சாரம் என்னை உள்ளே கூப்பிட்டுச் சாயா கொடுத்தாள். வெளியே இரண்டு ஆண்களும் பேசியது கேட்டது.

"சேட்டாண்ட சொல்லிட்டு வரேன் தோஸ்து. நாந்தான்னு சொல்லிட்டேன்."

"செரி."

"மன்னிச்சிடு."

"நீ சொன்னது செரிதாம்பா," என்றார் பாய். குரல் உயரவில்லை. "ஆனா அங்க வேலியாண்ட நின்ன ஜனத்தாண்ட யாரு சொல்லுவா? ஒருத்தராவது இல்லன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அவங்கல்லாம் என் கையால அறுத்தத துன்னவங்க."

அது எனக்கும் சேர்த்துத்தான். சாயா டம்ளரைக் கீழே வைத்தேன்.

தை பிறந்து சில நாட்களில் கட்டை அவிழ்த்தோம். எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாக. இறக்கையை விரித்தால் பாதிவரை வந்து நின்றுவிடும். பறக்க முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது. கொல்லையில் வைத்துக்கொள்ள என் கணவருக்கு ஆசை. அதற்குள் தெருப் பிள்ளைகள் வேலி வழியாகக் குச்சியால் குத்த ஆரம்பித்திருந்தார்கள். காக்கைகள் வால் இறகை முக்கால்வாசி பிடுங்கிவிட்டிருந்தன. நான் பிடிவாதமாகச் சொன்னேன், கழியிலேயே கொண்டுபோய் விடலாம் என்று. தண்ணீரில் நீந்தவாவது நீந்தும்.

அதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆளால் ஆகாது. அலகைப் பிடிக்கத் தெரிந்தவர் பாய் ஒருவர்தான். சொல்லி அனுப்பினோம். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்.

கழியோரத்து நெட்டுக்குப்பம்வரை ஒற்றை மாட்டு வண்டியில் போனோம். வழி நெடுக இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பறவை மட்டும் நடுவில் அலகை அவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் என் கணவர் விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை நான்தான் சுட்டேன் என்றே ஆரம்பித்தார்.

"வுட்டுட்டுப் போ," என்றார் அவர். "எங்க படகாண்டயே திரியும். செதறுனத துன்னுகினு கெடக்கும். எத்தினி நாளுக்குன்னு சொல்ல முடியாது."

பாய் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை மெதுவாக விட்டார். அலகிலிருந்து கையை எடுத்ததும் அது கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தது. அப்புறம் எங்கள் மூன்று பேரையும் தாண்டி, கரையேறிக்கொண்டிருந்த ஒரு படகைப் பார்த்து நீந்தியது. திரும்பிப் பார்க்கவில்லை. அது ஏன் பார்க்கவேண்டும்?

அடுத்த மழைக்காலம்வரை அது அங்கே இருந்ததாக நெட்டுக்குப்பத்துக்காரர்கள் சொன்னார்கள். ஃபிட்டர் பறவை என்று பேர் வைத்திருந்தார்களாம். பிறகு ஒரு புயல் மழைக்கு அப்புறம் காணவில்லை.

இதோடு அவர் வேட்டையை விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். விடவில்லை. பாய் வராததால் தனியாகப் போனார். பாய் இல்லாததால் பாதி உயிரோடு விழுந்தவை பாதி உயிரோடே சாக்கில் வந்தன. அவரால் அவற்றை முடிக்க முடியாது. தூரத்திலிருந்து விசையை இழுப்பார். பக்கத்தில் வைத்துக் கழுத்தைத் திருகச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். சாக்கைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, "பாவம், பார்க்க முடியல," என்று சொல்லி வெளியே போய்விடுவார். சாக்கு அசைந்துகொண்டிருக்கும். கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு அரிவாள்மணையை எடுப்பது என் வேலையாயிற்று. அவருடைய இரக்கம் மெய்யானதுதான். இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எப்போதும் இன்னொருவர் கையைத் தேடிக்கொண்டிருந்தது. முதலில் பாய் கை, பிறகு என் கை. அக்கம்பக்கத்துக்கு வறுவல் அனுப்புவதை நான் நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். சில வருஷம் கழித்துத் தோட்டா கிடைப்பது கஷ்டமாகி, கண்ணும் மங்கி, துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்.

அதற்கு முன்பே எங்களுக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். சேட் வாக்கு பலித்தது என்று அக்கா தெரு முழுக்கச் சொன்னாள். யானைக்கவுனிக்குச் சர்க்கரை அனுப்பவேண்டும் என்றாள். நான் அனுப்பவில்லை.

பாயை ஒருமுறை தண்டையார்பேட்டையில் பஸ்ஸில் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்து இடம் கொடுத்தார். பெண்ணின் கன்னத்தைத் தட்டி, "உன் நைனா மாரியே மூக்கு," என்றார். இறங்கும்போது, "அவன ஒரு நா வரச் சொல்லு தங்கச்சி. வூடு அதேதான்," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். போகலாம் என்றார் என் கணவர். அடுத்த வாரம் என்றார். ரம்ஜான் முடியட்டும் என்றார். நான் இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டு விட்டுவிட்டேன். எனக்கும் அந்த வீட்டுப் படியேறத் துணிச்சல் இல்லை.

பிறகு ஒருநாள் தோல் மண்டியிலிருந்து ஆள் வந்து, பாய் தவறிவிட்டார் என்று சொன்னான். என் கணவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்து கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சோறு போட்டு வைத்துவிட்டு, "கடைசியா முகத்தப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"எதிர்ல டீக்கடையாண்ட நின்னுகினு இருந்தேன்," என்றார். "தூக்கிகினு போறவரைக்கும் நின்னேன். உள்ள போவல."